வாரஸின் தொலைந்த லெஜியன்கள்: தீம் பிசகாமல் ஒரு பிணப்படை கட்டுவது எப்படி

மேசைமேல் ஆடும் போர் விளையாட்டுக்காகச் சின்னப் பொம்மைகளால் ஒரு பிணப்படை, அதாவது செத்து எழுந்தவர்களின் படை, கட்டலாம் என்று இறங்குகிற பலர் முதலில் செய்வது, கண்ணில் பட்ட எலும்புக்கூடு பெட்டிகளை எல்லாம் வாங்கிக் குவிப்பதுதான். ஒன்றில் எகிப்திய மம்மி, இன்னொன்றில் கடற்கொள்ளைக்கார ஜோம்பி, மூன்றாவதில் இடைக்காலக் கவசம் போட்ட குதிரைவீரன். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே அழகு, மேசையில் சேர்த்து நிறுத்தினால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இருக்காது. அதனால் பெட்டியைத் திறப்பதற்கு முன்னாலேயே மூன்று விஷயத்தை முடிவு செய்துவிடுங்கள்: இவர்கள் எங்கே செத்தார்கள், எப்படிச் செத்தார்கள், இப்போது இவர்களை எழுப்பியது யார். இதற்கு மட்டும் தெளிவான பதில் இருந்துவிட்டால் எந்த யூனிட் (அணி) எடுப்பது, எதை விடுவது, எலும்புக்கு என்ன நிறம், பேஸில் (பொம்மை நிற்கிற அடித்தட்டில்) என்ன மண் என்பதெல்லாம் தானாகவே வந்துவிடும்.

நான் எடுத்துக்கொண்டது வரலாற்றில் இருந்து ஒரு சாவு. கி.பி. 9-இல் ரோமானியத் தளபதி வாரஸ் தன்னோடு கூட்டிப்போன மூன்று லெஜியன்கள் (ரோமானியப் பெரும் படைப்பிரிவுகள்), 17, 18, 19, ஜெர்மானியக் காட்டில் சிக்கி அழிந்தன. சிக்கவைத்தது அர்மினியஸ், செருஸ்கி இனத்தவன், ரோமானியப் படையிலேயே வேலை பார்த்தவன், வாரஸ் நம்பிய ஆள். அந்த மூன்று எண்களையும் ரோம் அதற்குப் பிறகு எந்தப் படைக்கும் கொடுக்கவே இல்லை. ஆறு வருடம் கழித்து ரோமானியத் தளபதி ஜெர்மானிக்கஸ் அங்கே போனபோது கண்ட காட்சியை ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதி வைத்திருக்கிறார்: வெளுத்த எலும்புகள், ஓடினவன் ஓடின இடத்தில் சிதறியும் நின்றவன் நின்ற இடத்தில் குவிந்தும் கிடக்கின்றன, பக்கத்தில் உடைந்த ஆயுதங்கள், குதிரைக் கால்கள், மரங்களில் ஆணி அடித்து மாட்டிய மண்டை ஓடுகள். பிணப்படை கட்டுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்!

விளையாட்டு, மான்டிக் கம்பெனியின் கிங்ஸ் ஆஃப் வார். இந்தத் தீமுக்கு இதைத்தான் பரிந்துரைப்பேன், காரணம் பேஸ். இதில் அடிபடும்போது பொம்மைகளை ஒவ்வொன்றாக எடுக்க மாட்டோம், சேதத்தைக் குறித்துக்கொள்வோம், அணி உடைந்தால் மொத்தமாகத் தூக்கிவிடுவோம். 20 மில்லிமீட்டர் பேஸ் காலாட்படையில் இருபது பேர் கொண்ட அணி, அதாவது ஒரு ரெஜிமென்ட், என்றால் 100-க்கு 80 மில்லிமீட்டர் ஒரே தட்டு. அதில் பொம்மைகளை வரிசை கட்டி நிறுத்த வேண்டிய அவசியமில்லை, பாதிக்கு மேல் ஆள் இருந்தால் போதும், மீதி இடத்தில் மரம், சேறு, செத்த கழுதை என்று ஒரு காட்சியே அமைக்கலாம். பதினாலு, பதினஞ்சு பொம்மையில் ஒரு ரெஜிமென்ட் நிறைந்து தெரியும், காசும் மிச்சம்.

யாருக்கு எந்த இடம்

விளையாட்டின் பிணப்படை யூனிட் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு யூனிட்டையும் "இது அந்தக் காட்டில் செத்ததா?" என்று கேளுங்கள். படையின் முதுகெலும்பு ரெவனன்ட்கள், கனமான கவசத்தோடு எழுந்த பழைய வீரர்கள். மூன்று ரெஜிமென்ட், மூன்று லெஜியன், கேடயத்தில் XVII, XVIII, XIX. கவசம் தொலைத்த துணைப்படைக்காரர்கள் சாதாரண எலும்புக்கூடு வீரர்கள். ஜோம்பிகளுக்கும் இடம் உண்டு, அந்த அணிவகுப்பில் வண்டிகள், பொதி மிருகங்கள், பெண்கள், குழந்தைகள், வேலைக்காரர்கள் எல்லாம் கூடவே போனதாக வரலாற்றாசிரியர் டியோ எழுதுகிறார். ஆகவே ஜோம்பி அணியில் வாளோடு ஒருவரும் வேண்டாம். மூட்டை, சட்டி, சக்கரம், கயிறு இருக்கட்டும்.

மம்மியைப் பார்த்ததும் எகிப்து என்று தள்ளிவிடத் தோன்றும். தள்ளாதீர்கள். வட ஐரோப்பியச் சதுப்புகளில் அழுகாமல் கிடைத்த உடல்கள் இருக்கின்றன அல்லவா, டென்மார்க்கில் 1950-இல் கிடைத்த டோலண்ட் மனிதன் மாதிரி. தலையில் தோல் குல்லாய், இடுப்பில் வார், கழுத்தில் பின்னிய தோல் கயிறு, தாடையில் முளைத்த தாடி வரை அப்படியே இருக்கிறது. அவன் வாரஸுக்குச் சில நூற்றாண்டுகள் முந்தியவன். ரோமானியர்கள் வருவதற்கு முன்பே சதுப்பில் போடப்பட்டவர்களும் கூடவே எழுந்தால் எப்படி இருக்கும்? விதிப்படி அது மம்மி யூனிட், மேசையில் சதுப்பு மனிதர்கள். இந்தப் படையில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

ரெவனன்ட் குதிரைப்படை, வாரஸின் துணைத்தளபதி நூமோனியஸ் வாலாவின் ஆட்கள். காலாட்படையை அம்போ என்று விட்டுவிட்டுக் குதிரைகளோடு தப்பப் பார்த்தவன், தப்பவில்லை. போர் நடந்த இடம் என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதும் கால்க்ரீஸாவில் ஒரு இரும்பு முகமூடி கிடைத்தது, குதிரைவீரனின் தலைக்கவசத்தில் பொருத்துவது, மேலே இருந்த வெள்ளித் தகட்டைக் கொள்ளையடித்தவர்கள் உரித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். குதிரைவீரர் எல்லோருக்கும் முகமூடி போடாதீர்கள், ஒருவனுக்குப் போதும்.

தலைவன் வாரஸ்தான், ரெவனன்ட் அரசனாக. தன் வாள்மேல் விழுந்து உயிரை விட்டவன், உடலை எரிக்கப் பார்த்துப் பாதிதான் எரிந்தது, எதிரிகள் தலையை வெட்டி மரோபோடூஸ் என்ற அரசனுக்கு அனுப்பினார்கள், அவன் அதை ரோமுக்கு அனுப்பினான், அங்கே குடும்பக் கல்லறையில் புதைத்தார்கள். அப்படியென்றால் காட்டில் எழுந்து நிற்கிற வாரஸுக்குத் தலை இருக்காது. கழுத்தோடு வெட்டிவிட்டு, மார்புக் கவசத்தின் ஒரு பாதியைக் கரியாக்குங்கள். பார்க்கிறவர் கேட்பார், கதை சொல்லலாம்.

கொடிக்காரன் இன்னொரு நல்ல ஆள். ஒரு கொடிக்காரன் லெஜியனின் சின்னமான கழுகை எதிரி கையில் சிக்காமல் கம்பத்திலிருந்து பிடுங்கி இடுப்பு வாரில் மறைத்துக்கொண்டு சதுப்பில் இறங்கிவிட்டான் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் ஃப்ளோரஸ் சொல்கிறார். அதனால் கையில் வெறும் கம்பம், இடுப்பில் ஒரு பொன்னிறச் சிறகு நுனி மட்டும் எட்டிப் பார்க்கட்டும்.

எழுப்பியது யார்? புருக்டெரி இனத்து வெலெடா. வாரஸுக்கு அறுபது வருடம் பிந்தியவள், கி.பி. 69–70-இல் ரோமை எதிர்த்து நடந்த படாவியக் கிளர்ச்சிக் காலத்தில் லிப்பே ஆற்றங்கரைக் கோபுரத்தில் இருந்து குறி சொன்னவள். 19-ஆம் லெஜியனின் கழுகு திரும்பக் கிடைத்ததும் புருக்டெரிகளிடம்தான். இனி மீதிக் கற்பனை நம்முடையது: தன் இனம் வைத்திருந்த கழுகை ரோம் பறித்துக்கொண்டது, அதற்குப் பதிலாக அவள் அந்தக் கழுகின் ஆட்களையே எடுத்துக்கொண்டாள். நெக்ரோமான்சர், அதாவது பிணங்களை எழுப்பும் மந்திரவாதி, பொம்மையைத் தேடும்போது கறுப்பு அங்கி மண்டையோட்டுத் தடி மந்திரவாதியை விட்டுவிட்டு, கம்பளிப் போர்வை போர்த்திய ஒரு பெண்ணைப் பாருங்கள்.

வேர்வுல்ஃப் (ஓநாய் மனிதர்கள்), சோல் ரீவர் (ரத்தக்காட்டேரி வீரர்கள்) இரண்டும் ஆட்டத்தில் பலமானவை, ஆனால் இந்தக் கதைக்குள் வரவில்லை, நான் விட்டுவிடுவேன்.

வெட்டும் ஒட்டும்

வார்லார்டு அல்லது விக்ட்ரிக்ஸ் கம்பெனிப் பெட்டியின் பிளாஸ்டிக் ரோமானியரையும், மான்டிக் அல்லது வார்கேம்ஸ் அட்லாண்டிக் எலும்புக்கூடுகளையும் கலந்துதான் ரெவனன்ட் செய்ய வேண்டும். ரோமானிய உடம்பை அங்கியின் கீழ் ஓரத்தோடு ரேஸர் ரம்பத்தால் அறுத்து, சதைக் காலை எடுத்துவிட்டு எலும்புக்கூட்டின் முழங்காலுக்குக் கீழ்ப் பகுதியை ஒட்டுங்கள். கைகளும் எலும்புக்கூட்டிலிருந்துதான். தலைக்கு, ரோமானியத் தலையைப் புருவக் கோட்டில் கிடையாக அறுத்தால் தலைக்கவசத்தின் குடுவை மட்டும் தனியாக வரும், மண்டை ஓட்டின் உச்சியையும் அதே மாதிரி தட்டையாக அறுத்து அரம் போட்டு இரண்டையும் ஒட்டினால் சரியாக உட்காரும். கன்னக் காப்பு போய்விடும், போகட்டும், அதன் தோல் வார் அறுந்து விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டும் ஒரே மாதிரி பாலிஸ்டைரீன் என்றால் பிளாஸ்டிக் சிமென்ட் போடுங்கள், அது இரண்டு முகத்தையும் உருக்கி ஒன்றாக்கும். ரெசினோ உலோகமோ கலந்தால் சூப்பர் க்ளூ. இடைவெளிக்கு கிரீன் ஸ்டஃப் என்கிற மாவு மாதிரியான பசை, கருவியைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டு.

கேடயத்தில் கொஞ்சம் நேரம் செலவழியுங்கள், ஏனென்றால் தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு முதலில் தெரிவது அதுதான். ரோமானியக் கேடயம் மெல்லிய மரப்பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிச் செய்தது, அதனால் அழுகினால் அடுக்கடுக்காக உரியும். ஓரத்தில் ஒரு மூலையைக் கிள்ளி எடுத்துவிட்டு, உடைந்த இடத்தில் கத்தி முனையால் கிடைக்கோடுகளும் அதற்கு உள்ளே செங்குத்துக் கோடுகளும் கீறுங்கள். நடுவில் இருக்கும் உலோகக் குமிழை மட்டும் முழுசாக விடுங்கள். எல்லாக் கேடயத்தையும் ஒரே இடத்தில் உடைத்தால் அச்சு மாதிரி இருக்கும், மாற்றி மாற்றி உடையுங்கள்.

இரண்டு விதச் சாவு, இரண்டு நிறம்

கரி மண் சதுப்பின் அமிலம் தோலைப் பதப்படுத்தும், எலும்பைக் கரைக்கும். மேட்டில் விழுந்தவனுக்குத் தோல் போய் எலும்பு வெளுக்கும். ஆக மேட்டில் செத்த லெஜியன்காரன் வெளிர் எலும்பு, சதுப்பில் கிடந்தவன் கரும்பழுப்புத் தோல். இந்த ஒரு விதியைப் படை முழுக்கக் கடைப்பிடியுங்கள்.

இனி வருகிற ஆங்கிலப் பெயர்கள் எல்லாம் சிட்டடெல் பெயின்ட்கள். எலும்புக்கு ரைனாக்ஸ் ஹைட் மாதிரி அடர்பழுப்பில் தொடங்கி, ஜான்ட்ரி டஸ்ட் கனமாக உலர்தூரிகை (பெயின்ட்டைத் துடைத்துவிட்டுத் தூரிகையை மேடுகளில் மட்டும் உரசுவது), அதன்மேல் அக்ராக்ஸ் எர்த்ஷேட் வாஷ் (இடுக்குகளில் தேங்கும் நீர்த்த நிறம்), நன்றாகக் காய்ந்தபின் மண்டை உச்சி, முழங்கால், விரல் கணுக்களில் மட்டும் உஷாப்தி போன். தூய வெள்ளை எங்கும் வேண்டாம். இரும்புக்கு மந்தமான உலோக நிறம், மேலே டைஃபஸ் கரோஷன், பிறகு ஆரஞ்சு கலந்த பழுப்பைப் பஞ்சால் ஒற்றி எடுங்கள். வெண்கலம் துருப்பிடிக்காது, பச்சை பூக்கும், அதற்கு நிஹிலாக் ஆக்சைடு இடுக்குகளில் மட்டும். சதுப்பு மனிதர்களுக்குத் தோலைக் காபிக்கொட்டை நிறத்தில் அடித்து, முடியைச் செம்பட்டையாக்குங்கள், சதுப்பு நீர் முடியை உண்மையிலேயே சிவக்க வைக்கும். கடைசியில் சாட்டின் வார்னிஷ், ஈரத்தோல் மாதிரி லேசாக மின்னும்.

மூன்று லெஜியனையும் பிரித்துக் காட்டக் கேடயத்தில் மட்டும் நிறம் மாற்றுங்கள்: மங்கின சிவப்பு, காவி, சாம்பல் நீலம். மற்ற எல்லாம் ஒன்றாகவே இருக்கட்டும். ஸ்பிரே பிரைமரை (நிறத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சை) ஈரப்பதம் அதிகமான நாளில் அடிக்காதீர்கள், பரப்பு சொரசொரப்பாகிவிடும். மழைக்காலத்தில் தூரிகையால் பிரைமர் பூசுவதே மேல்.

மண்

தீமை ஒட்டவைக்கிறது பேஸ்தான். எல்லா யூனிட்டுக்கும் ஒரே மண் கலவை, ஒரே நாளில் மொத்தமாகக் கலந்து டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள்: மெல்லிய மணல், பிவிஏ பசை, அடர்பழுப்பு அக்ரிலிக். அந்தக் கலவையிலேயே தண்ணீர் விட்டு நீர்க்கவைத்து வீரர்களின் கால், அங்கியின் ஓரம், கேடயத்தின் அடி விளிம்பு வரை தூரிகையால் தடவினால் வேறு வேறு பெட்டிகளிலிருந்து வந்த பொம்மைகள் ஒரே இடத்து ஆட்களாகிவிடும்.

காட்டுத் தரைக்குக் கடைச் சரக்கு அதிகம் தேவையில்லை. வடிகட்டிய டீத்தூளை நன்றாக வெயிலில் காய வைத்துத் தூவினால் உதிர்ந்த சருகு, ஈரம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும், ஜாக்கிரதை. தேங்காய் நாரைக் கொத்தாக வெட்டிப் பசையில் நட்டால் கோரை. சதுப்புத் தண்ணீருக்கு கிளாஸ் வார்னிஷில் ஒரு சொட்டுப் பழுப்பு கலந்து மெல்லிய பூச்சாகப் பல தடவை, ஒரே தடவையில் ஊற்றினால் மேலே தோல் கட்டி உள்ளே காயாமல் நிற்கும்.

ஒவ்வொரு ரெஜிமென்ட்டிலும் பார்வை நிற்க ஒரு இடம் கொடுங்கள். 17-க்கு மண்டை ஓடு அறைந்த மரம். 18-க்கு இடுப்பளவு சேற்றிலிருந்து எழுகிற நாலைந்து பேர், கால் இல்லாமல் ஒட்டலாம், வேலையும் குறைவு. 19-க்கு ஒரு கோவேறு கழுதை: கால்க்ரீஸாவில் கிடைத்த கோவேறு கழுதை எலும்புக்கூட்டின் கழுத்து மணிக்குள் சத்தம் வராமல் இருக்கச் செடிகளைத் திணித்திருந்தார்கள். மணியை கிரீன் ஸ்டஃப்பில் உருட்டி, மணியின் வாயில் நார்த் துணுக்கு இரண்டைச் செருகுங்கள்.

மேசையில்

ஷாம்ப்ளிங் (தள்ளாடி நடக்கும்) விதி உள்ள யூனிட்கள் இரட்டை வேகத்தில் ஓட முடியாது, ஆனால் நெக்ரோமான்சரின் சர்ஜ் மந்திரம் அவற்றை எதிர்பாராத நேரத்தில் முன்னால் தள்ளும், எதிரியைத் தொட்டுவிட்டால் அது தாக்குதலாகவே கணக்கு. சதுப்பிலிருந்து பாய்கிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான விதி கிடையாது. நகரும் கட்டத்தில் ஒரு அணியை எதிரியின் பக்கவாட்டு நோக்கித் திருப்பி நிறுத்திவிட்டு, அடுத்த கட்டத்தில் வெலெடாவை வைத்து சர்ஜ் போடுங்கள், பக்கவாட்டில் மோதினால் அடி இரட்டிப்பு, பின்னாலிருந்து மோதினால் மூன்று மடங்கு. அதனால் அவள் இடம் எப்போதும் முதல் வரிசைக்குப் பின்னால், இரண்டு மூன்று அணிகள் கண்ணில் படுகிற மாதிரி.

ஆட்டம் தொடங்குமுன் எது எந்த யூனிட் என்று எதிராளிக்குச் சொல்லிவிடுங்கள், குறிப்பாக சதுப்பு மனிதர்கள்தான் மம்மி என்பதை. பெரிய கேடயம் இருந்தால் ரெவனன்ட், கேடயம் இல்லாமல் பழுப்புத் தோல் இருந்தால் மம்மி, மூட்டை முடிச்சு இருந்தால் ஜோம்பி என்று ஒரே பார்வையில் அவருக்குப் பிடிபட வேண்டும். பேஸின் பின் விளிம்பில் பெயரைச் சின்னதாக எழுதி வைத்தால் இன்னும் நல்லது.

வேலையை 18-ஆம் லெஜியனிலிருந்து தொடங்குங்கள். சேற்றில் புதைந்தவர்கள் இருப்பதால் வெட்டும் ஒட்டும் அதில்தான் குறைவு, மண், எலும்பு, துரு மூன்றுக்கும் கை பழகிவிடும். அதை வார்னிஷ் வரை முழுசாக முடித்த பிறகு அடுத்த பெட்டியை வாங்கலாம்.