ஏடிஹெச்டியை (ADHD, கவனத்தையும் துடிப்பையும் கட்டுக்குள் வைக்கச் சிரமப்படும் நிலை) கிண்டல் செய்பவர்களுக்கு என்ன பதில் சொல்லலாம்?

முதலில், சொல்வது யார் என்று பாருங்கள். எப்போதாவது பார்க்கும் சொந்தக்காரர் என்றால் "அப்படியா" என்று சொல்லிவிட்டு நான் நகர்ந்துவிடுவேன். அவரைத் திருத்தி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. கூடவே இருப்பவர்களுக்குத்தான் பதில் தேவை. சுருக்கென்று கோபம் வருவதும் ஏடிஹெச்டி உள்ள நமக்குக் கூடவே வருகிற ஒன்று. அதனால் பதிலை முன்கூட்டியே எழுதி போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

"எல்லாருக்கும்தான் மறதி இருக்கு" என்றால், "இருக்கும். எனக்குச் சின்ன வயசிலிருந்தே, வீட்டிலும் வேலையிலும், பொழப்பையே பாதிக்கிற அளவுக்கு இருக்கு" என்பேன். டாக்டர்கள் பார்ப்பதும் இதைத்தான். 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் தெரிந்திருக்க வேண்டும், அதுவும் ஒரே இடத்தில் மட்டும் இருந்தால் போதாது.

"புடிச்ச வேலைன்னா மட்டும் மணிக்கணக்கா உட்கார்றியே?" இதைக் கேட்டது என் அக்கா. பதில் சொல்லச் சிரமமான கேள்வி, ஏனென்றால் அது உண்மை. பழைய ரேடியோவைப் பிரித்துப் போட்டால் எனக்குச் சாப்பாடு மறந்துபோகும். ஒரு பக்கப் படிவத்தை நிரப்பச் சொன்னால் கடைசித் தேதி தாண்டிவிடும். கவனத்தை வேண்டிய இடத்தில் வைக்கவும் முடியாது, வைத்த இடத்திலிருந்து எடுக்கவும் முடியாது. அக்காவிடம், "கூப்பிடக் கூப்பிடக் காதிலேயே விழலைன்னு திட்டுறியே, அதுவும் இதுதான்" என்றேன். அப்புறம் ஒரு உதவி கேட்டேன்: "கத்தாதே, தோளைத் தொடு." விளக்கத்தோடு நிறுத்தாமல், செய்வதற்கு ஒரு சின்ன வேலையும் கொடுத்தால் நெருங்கியவர்கள் சீக்கிரம் மாறுகிறார்கள்.

"இப்ப வந்த ஃபேஷன்" என்பவர்களிடம், 1902லேயே ஜார்ஜ் ஸ்டில் என்ற டாக்டர் லண்டனில் இப்படிப்பட்ட குழந்தைகளைப் பற்றிப் பேசியிருக்கிறார் என்று சொல்லலாம். சொல்லும்போது எனக்கு ஒரு அற்ப சந்தோஷம். மாத்திரையைப் பற்றி மட்டும் யாரிடமும் விவாதம் வேண்டாம், அது உங்களுக்கும் டாக்டருக்கும் நடுவில்.

மேலதிகாரி "சாக்கு சொல்லாதே" என்றால் கொஞ்சம் நிதானம் தேவை. தாமதத்தால் அவருக்கு நிஜமாகவே நஷ்டம் இருக்கலாம். தாமதத்துக்கு மன்னிப்புக் கேளுங்கள், ஏடிஹெச்டிக்குக் கேட்காதீர்கள். "வாயால் சொன்னது எனக்கு நிற்காது சார், மெயிலில் ஒரு வரி போட்டுவிடுங்க" என்றால் போதும், ஏடிஹெச்டி என்ற பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

இத்தனைக்கும் பிறகு அதே கிண்டலைத் தொடர்பவரிடம், "இது எனக்குக் கஷ்டமா இருக்கு, நிறுத்துங்க" என்று ஒரே ஒரு முறை சொல்லுங்கள். அதற்கும் சிரித்தால் எழுந்து போய்விடலாம்.