நெட்புக்கில் லினக்ஸ்: பாரம் இருக்கும் இடம் வேறு

போன வருடம் சித்தப்பா தன் பழைய நெட்புக்கை ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தார். 10.1 அங்குலத் திரை, இன்டெல் ஆட்டம் என்450 செயலி, 1 ஜிபி ராம், 160 ஜிபி ஹார்ட் டிஸ்க். அவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். கட்டுரை தட்டச்சு செய்ய வேண்டும், மெயில் பார்க்க வேண்டும், காலையில் செய்தி படிக்க வேண்டும். அவ்வளவுதான் தேவை. "இதுல ஏதாச்சும் லைட்டா போட்டுக் குடுப்பா" என்றார்.

அந்த 'லைட்டா' என்ற சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டதுதான் நான் செய்த முதல் தவறு. மூன்று மாலைகள் லினக்ஸ் டிஸ்ட்ரோவை (லினக்ஸின் ஒவ்வொரு வகைத் தொகுப்பையும் இப்படிச் சொல்வார்கள்) மாற்றி மாற்றிப் போட்டேன். ஒவ்வொன்றையும் பூட் செய்து, டெர்மினலைத் திறந்து, எத்தனை எம்பி ராம் பிடிக்கிறது என்று ஒரு தாளில் குறித்தேன். இருப்பதிலேயே குறைவாகப் பிடித்ததைத் தேர்ந்தெடுத்து அவரிடம் கொடுத்தேன். பிரவுசரைத் திறந்து ஒரு நாளிதழின் முகப்புக்குப் போனார். பக்கம் பாதி வரும்போதே டிஸ்க் விளக்கு அணையாமல் எரியத் தொடங்கியது, மவுஸ் அம்பு அப்படியே நின்றது. அவர் பொறுமையாக அடித்துக்கொண்டே இருந்தார். ஒன்றரை நிமிடம் கழித்து எல்லா எழுத்துகளும் மொத்தமாக வந்து விழுந்தன.

அந்தத் தாளில் நான் குறித்த எண்களால் ஒரு பயனும் இல்லை. ஐஸ்டபிள்யூஎம் போன்ற எளிய டெஸ்க்டாப்புக்கும் எல்எக்ஸ்கியூடி, எக்ஸ்எஃப்சிஇ போன்றவற்றுக்கும் ராம் பயன்பாட்டில் வித்தியாசம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் விளம்பரங்கள் நிறைந்த ஒரே ஒரு இணையப் பக்கம் அந்த வித்தியாசத்தை ஒரே விழுங்கில் விழுங்கிவிடும். நெட்புக்கைத் திணறடிப்பவை இரண்டு: பிரவுசர், சுழலும் ஹார்ட் டிஸ்க். டெஸ்க்டாப் அதற்கெல்லாம் பிறகுதான்.

இன்னொன்று. ராம் நிலவரத்தைக் காட்டும் 'ஃப்ரீ' கட்டளையைக் கொடுத்துவிட்டு, காலியாக இருக்கும் ராம் ரொம்பக் குறைவு என்று பயப்படுபவர்கள் நிறைய. லினக்ஸ் சும்மா கிடக்கும் ராமை டிஸ்கில் இருக்கும் கோப்புகளின் நகலை வைக்கப் பயன்படுத்திக்கொள்ளும், கேட்டால் உடனே விட்டுக்கொடுக்கும். பார்க்க வேண்டியது 'அவைலபிள்' என்ற நெடுவரிசையை. அந்த நகல்களை வலுக்கட்டாயமாக அழிக்கும் கட்டளையை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடவிடச் சொல்லும் அறிவுரையைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். அழித்ததை எல்லாம் டிஸ்கிலிருந்து மறுபடி படிக்க வேண்டியிருக்கும், மெஷின் இன்னும் மெதுவாகும்.

32-ஆ, 64-ஆ?

டிஸ்ட்ரோவை இறக்குவதற்கு முன் உங்கள் செயலி 32-பிட்டா, 64-பிட்டா என்று தெரிந்துகொள்ளாமல் போனால் மற்ற எல்லாமே வீண். 2008-இல் வந்த ஆட்டம் என்270, அடுத்து வந்த என்280 இரண்டும் 32-பிட் மட்டுமே. 2010 தொடக்கத்தில் வந்த என்450 முதல் 64-பிட் ஓடும். வெளியே பார்க்க இரண்டு தலைமுறையும் ஒரே மாதிரி இருக்கும். ஏதாவது ஒரு லைவ் பென்டிரைவில் (டிஸ்கில் நிறுவாமலே லினக்ஸை ஓட்டிப் பார்க்கும் பென்டிரைவ்) பூட் செய்து 'எல்எஸ்சிபியு' கட்டளை கொடுத்தால் இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும்.

"ராம் 1 ஜிபிதான், அதனால் 32-பிட் போடு" என்பது பழைய அறிவுரை. அன்று அதில் நியாயம் இருந்தது, 32-பிட் கொஞ்சம் குறைவாகத்தான் ராம் பிடிக்கும். இன்று அந்தப் பாதை மூடிக்கொண்டு வருகிறது. குரோம் 2016-லேயே லினக்ஸ் 32-பிட்டைக் கைவிட்டது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 என்ற டிஸ்ட்ரோவில் 32-பிட் கணினிகளுக்கான நிறுவியும் இல்லை, லினக்ஸின் மையமான கெர்னலும் இல்லை. ஃபயர்ஃபாக்ஸ் 145-ஆம் பதிப்போடு 32-பிட் லினக்ஸை நிறுத்தியது. நீண்டகால ஆதரவுப் பதிப்பான 140-க்கு மட்டும் 2026 செப்டம்பர் வரையாவது பாதுகாப்புத் திருத்தங்கள் வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆகவே செயலி 64-பிட்டைத் தாங்கும் என்றால் யோசிக்காமல் 64-பிட் போடுங்கள். என்270 வைத்திருப்பவர்களுக்கு டெபியன் 12 அல்லது அதன் மீது கட்டப்பட்ட ஆன்டிஎக்ஸ் 23 சரியாக இருக்கும். டெபியன் 12-க்கு நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரை உண்டு.

தேடினால் முதலில் கிடைக்கும் கட்டுரைகள் பல லுபுண்டு 18.04-ஐப் போடச் சொல்லும். அதற்கு ஆதரவு 2021 ஏப்ரலோடு முடிந்துவிட்டது. அதில் வங்கிக் கணக்கைத் திறப்பது சரியில்லை. எந்தக் கட்டுரையானாலும் தேதியைப் பார்த்துவிட்டுப் படியுங்கள்.

ஸ்வாப்பை அணைத்துவிடாதீர்கள்

ராம் போதாதபோது அதில் இருப்பதை ஒதுக்கி வைக்கும் இடம்தான் ஸ்வாப். எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான டிஸ்க்) தேய்ந்துவிடும் என்று பயந்து ஸ்வாப்பே இல்லாமல் நிறுவுபவர்கள் உண்டு. 1 ஜிபி மெஷினில் இதை விட மோசமான முடிவு கிடையாது. ராம் நிரம்பியதும் கெர்னல் ஏதாவது ஒரு நிரலைக் கொல்லும், பெரும்பாலும் நீங்கள் எழுதிக்கொண்டிருந்ததைத்தான். அல்லது கொல்வதற்கு முன்பே மெஷின் உறைந்து நிற்கும்.

செய்ய வேண்டியது இசட்ராம். ராமிலேயே ஒரு பகுதியை எடுத்து, உடனடியாகத் தேவைப்படாதவற்றை அங்கே சுருக்கி வைக்கும் வசதி இது. சுருக்கினால் சாதாரணமாகப் பாதி அளவுக்கோ மூன்றில் ஒரு பங்குக்கோ குறையும். சுருக்கி விரிக்கச் செயலிக்குக் கொஞ்சம் வேலைதான், ஆனால் ஹார்ட் டிஸ்கின் முள் அங்குமிங்கும் ஓடித் தேடுவதோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. டெபியனில் 'இசட்ராம்-டூல்ஸ்' என்ற தொகுப்பை நிறுவி, அதன் அமைப்புக் கோப்பில் அளவை 50 சதவீதம், சுருக்கும் முறையை எல்இசட்4 என்று வைத்தால் போதும். ஆட்டம் போன்ற எளிய செயலிக்கு எல்இசட்4-தான் பொருத்தம், வேகமானது. கூடவே டிஸ்கில் 1 ஜிபிக்கு ஒரு ஸ்வாப் கோப்பை, குறைந்த முன்னுரிமையில், அவசரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இசட்ராம் போட்டுவிட்டு 'ஸ்வாப்பினஸ்' எண்ணை (கெர்னல் எவ்வளவு தாராளமாக ஸ்வாப்பைப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் எண்) 10-ஆக வைப்பது அடுத்த தவறு. அந்த 10, டிஸ்கில் ஸ்வாப் இருந்த காலத்து அறிவுரை. இசட்ராமுக்கு அதை 100-க்குக் குறையாமல் வைக்க வேண்டும். கெர்னல் 5.8-இலிருந்து 200 வரை வைக்கலாம். சித்தப்பாவின் நெட்புக்கில் இந்த ஒரு மாற்றத்திலேயே மவுஸ் அம்பு நின்றுபோவது பெரும்பாலும் ஓய்ந்தது.

ராம் கூட்டலாமா என்றால், கூட்டலாம், ஆனால் என்450-இன் உச்சவரம்பே 2 ஜிபிதான். பழைய ராமைக் கழற்றிப் பார்க்காமல் கடைக்குப் போகாதீர்கள். என்450-க்கு டிடிஆர்2 வகை ராம் வேண்டும். பெயரில் ஐந்தே எண் தள்ளியிருக்கும் என்455-இல் டிடிஆர்2-ம் இருக்கலாம், டிடிஆர்3-ம் இருக்கலாம். ஒன்று மற்றதன் சொருகியில் ஏறாது.

கையில் காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் ராமைக்கூடத் தள்ளிவைத்துவிட்டு எஸ்எஸ்டி வாங்குங்கள் என்பேன். 120 ஜிபி சாட்டா எஸ்எஸ்டியே தாராளம். பல நெட்புக்குகளில் டிஸ்கைத் தொடுவதற்குக் கீபோர்டையே கழற்ற வேண்டியிருக்கும். கீபோர்டைத் தூக்கியதும் வெடுக்கென்று இழுத்துவிடாதீர்கள். அடியில் ஒரு ரிப்பன் கேபிள் மதர்போர்டோடு இணைந்திருக்கும், அதைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் தாழ் நகத்தின் நுனி அளவுதான். சிலவற்றில் அதை மேலே நிமிர்த்த வேண்டும், சிலவற்றில் இரண்டு ஓரத்தையும் வெளிப்பக்கம் மெல்லத் தள்ள வேண்டும். எது என்று தெரியும்வரை டார்ச் அடித்துப் பாருங்கள். அது உடைந்தால் கீபோர்டு நிற்காது.

பிரவுசரோடு வாழ்வது

விளம்பரங்களைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் நீட்சி இல்லாமல் ஃபயர்ஃபாக்ஸைத் திறக்கவே திறக்காதீர்கள். விளம்பரம் பிடிக்காது என்பதற்காகச் சொல்லவில்லை. இப்படிப்பட்ட மெஷினில் ஒரு செய்திப் பக்கம் திறப்பதும் திறக்காததும் அதைப் பொறுத்தே இருக்கிறது. மெயிலுக்குப் பிரவுசர் வேண்டாம், கிளாஸ் மெயில் போன்ற தனி நிரலில் வைத்துவிடுங்கள். காலை முழுக்கத் திறந்தே கிடக்கும் ஒரு டேப் குறையும்.

யூடியூபை 720-இல் ஓடவிட்டுவிட்டு லினக்ஸ் சரியில்லை என்று முடிவுகட்டுவது நியாயமில்லை. என்450-இல் உள்ள ஜிஎம்ஏ 3150 கிராஃபிக்ஸால் எச்.264 வடிவ வீடியோவைத் தானாகப் பிரித்துக்காட்ட முடியாது, முழுச் சுமையும் செயலி மேல். அதிலும் யூடியூப் பெரும்பாலும் அனுப்புவது விபி9, ஏவி1, இவை இன்னும் கனம். எம்பிவி என்ற வீடியோ பிளேயர், யூடியூப் வீடியோவை எடுத்துத் தரும் ஒய்டி-டிஎல்பி இரண்டையும் நிறுவி, 360 தரத்தில் எச்.264-ஐக் கேட்டு வாங்கினால் பாட்டும் பேச்சும் நிம்மதியாக ஓடும்.

செயலியின் தலைமுறைகளில் இரண்டு பொறிகள் உண்டு. என்2600, என்2800 போட்ட நெட்புக்குகளின் கிராஃபிக்ஸ் பவர்விஆர் வகை. லினக்ஸில் திரை தெரியும், ஆனால் படங்களை வேகமாகக் காட்ட கிராஃபிக்ஸ் சில்லின் உதவி கிடைக்காது. 2014-இல் வந்த இசட்3735எஃப் மெஷின்களில் செயலி 64-பிட், ஆனால் பெரும்பாலானவற்றில் யூஇஎஃப்ஐ (மெஷினை முதலில் தொடங்கிவைக்கும் நிரல்) 32-பிட். சாதாரண 64-பிட் பென்டிரைவை அவை கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. பென்டிரைவ் கெட்டுவிட்டது என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், 32-பிட் யூஇஎஃப்ஐக்கு ஆதரவுள்ள நிறுவியைத் தேடுங்கள்.

சின்ன விஷயங்கள், பெரிய தலைவலிகள்

வைஃபை வேலை செய்கிறதா என்று லைவில் பார்க்காமல் டிஸ்கை அழித்துவிடாதீர்கள். பிராட்காம் சில்லு இருந்தால் அதை இயக்கத் தனியாக ஃபர்ம்வேர் என்ற கோப்பு வேண்டியிருக்கும், அதை இறக்க நெட் வேண்டும், நெட்டுக்கு வைஃபை வேண்டும். இந்த வட்டத்திலிருந்து வெளியே வர எளிய வழி ஆண்ட்ராய்டு போன்தான். யூஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங்கை (போனின் நெட்டைக் கணினிக்குப் பகிரும் வசதி) போட்டால் போதும், எந்த டிரைவரும் இல்லாமல் நெட் வந்துவிடும்.

திரை 1024-க்கு 600. நிறுவியின் 'அடுத்து' பொத்தான் திரைக்குக் கீழே ஒளிந்திருக்கும், பலர் நிறுவி தொங்கிவிட்டது என்று நினைத்து மெஷினை அணைத்துவிடுவார்கள். ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு சன்னலை மவுஸால் மேலே இழுங்கள். நிறுவிய பிறகு பேனலைக் கீழிருந்து இடப்பக்கத்துக்கு மாற்றிவிட்டால், படிப்பதற்கு இரண்டு வரி கூடுதலாகக் கிடைக்கும்.

என்னை அரைநாள் அலைக்கழித்தது வேறொன்று. எல்லாம் நிறுவி முடித்து மறுநாள் காலையில் திறந்தால், எந்தத் தளத்துக்குப் போனாலும் இணைப்பு பாதுகாப்பானது இல்லை என்ற எச்சரிக்கை. தொகுப்புகளைப் புதுப்பிக்கப் போனால், வெளியீட்டுக் கோப்பு 'இன்னும் செல்லுபடியாகவில்லை' என்கிறது. பிரவுசரை அழித்துப் போட்டேன், ரௌட்டரை அணைத்துப் போட்டேன். கடைசியில் மூலையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தால் 2009 ஜனவரி 1. மதர்போர்டில் இருக்கும் சின்ன பேட்டரி செத்திருக்கிறது. மெஷின் கணக்கில், இன்றைய சான்றிதழ்கள் எல்லாம் எதிர்காலத்தில் எழுதப்பட்டவை. சிஆர்2032 பேட்டரிதான், கடையில் எளிதாகக் கிடைக்கும். ஆனால் சில நெட்புக்குகளில் அது ஒயரோடு பிளாஸ்டிக் உறையில் சுற்றி வரும், பழையதைக் கையோடு எடுத்துப்போங்கள்.

அப்புறம் தமிழ். கூடுதல் நிரல் போட்டால் கனமாகிவிடும் என்று நினைத்து, தமிழ் தட்டச்சுக்கென்று இருக்கும் ஏதாவது ஒரு இணையப் பக்கத்தைத் திறந்து, அங்கே அடித்து, நகலெடுத்து ஒட்டுபவர்கள் இருக்கிறார்கள். சித்தப்பாவும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தார். ஒரு பத்தி எழுத ஒரு பிரவுசர் முழுக்கத் திறந்திருந்தது. ஐபஸ் அல்லது எஃப்சிஐடிஎக்ஸ் என்ற தட்டச்சு நிரல், அதோடு விசைப்பலகை முறைகள் அடங்கிய எம்17என் தொகுப்பு, லோஹித் தமிழ் எழுத்துரு, இவ்வளவுதான் தேவை. தமிழ்99 விசைப்பலகை அதிலேயே இருக்கிறது, ஒலிபெயர்ப்பு முறையில் பழகியவர்களுக்கு அதுவும் இருக்கிறது. எழுதுவதற்கு மவுஸ்பேட் என்ற எளிய எழுதியைக் கொடுத்தேன், பத்திரிகைக்கு அனுப்பும்போது மட்டும் லிப்ரெஆபிஸில் திறந்து வடிவமைத்துக்கொள்கிறார். போன வாரம் போனில் பேசும்போது, பிரவுசரைத் திறக்காமலே நாலு பக்கம் எழுதிவிட்டதாகச் சொன்னார்.