விஸ்கியில் புதினாவா? நசுக்காதீர்கள், தட்டுங்கள்

விஸ்கியில் புதினா சேர்க்கும்போது அதை இடித்து நசுக்க வேண்டாம். எட்டுப் பத்து இலைகளை உள்ளங்கையில் வைத்து, மறு கையால் ஒரே தட்டு. கும்மென்று வாசம் எழுந்ததும் டம்ளரில் போட்டுவிடுங்கள். புதினாவின் மண எண்ணெய் இலையின் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய சுரப்பிகளில்தான் இருக்கிறது; தட்டினாலே அவை உடைந்துவிடும். அதற்கு மேல் நசுக்கினால் பச்சைச் சாறு இறங்கிக் கசக்கும், பல்லிடுக்கிலும் துணுக்கு மாட்டும்.

அப்புறம் சர்க்கரைப் பாகு 15 மி.லி., விஸ்கி 60 மி.லி., டம்ளர் நிறைய உடைத்த ஐஸ். அவ்வளவுதான். வெறும் சர்க்கரை போட்டால் கரையாமல் அடியில் தங்கும். அமெரிக்காவின் கென்டக்கியில் போர்பன் விஸ்கியில் (பெரும்பாலும் மக்காச்சோளத்தில் வடிப்பது) செய்யும் மின்ட் ஜூலெப் என்ற பானம் இதுதான். நம்மூர் விஸ்கியிலும் மோசமில்லை.

ஊட்டி, குன்னூர் குளிரில் புதினாக் கட்டைத் தண்ணீர் டம்ளரில் நிறுத்தினாலே போதும், ஃப்ரிட்ஜ் வேண்டாம். ஆனால் உறைபனி விழும் ஜனவரி இரவில் விஸ்கிக்கு வெந்நீர் ஊற்றுபவர்கள் தட்டவே வேண்டியதில்லை, சூடே மணத்தை இழுத்துவிடும். வாடிய புதினாவிடமும் இந்தத் தட்டு பலிக்காது. அதைச் சட்னிக்கு அனுப்புங்கள்.