வலி அதிகம் என்றால் காயமும் பெரிதா?

நிலைப்படியில் கால் சுண்டுவிரலை இடித்துக்கொண்டால் முதலில் சுரீரென்று ஒரு வலி. மூச்சு விடுவதற்குள் விண்விண்ணென்று இன்னொன்று. இரண்டும் வெவ்வேறு நரம்பிழைகள் வழியே வருகின்றன. முதல் செய்தி விநாடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. இரண்டாவது சுமார் 1 மீட்டர் வேகத்தில் ஊர்ந்து வருகிறது. நரம்புகள் சுமப்பது “இங்கே ஆபத்து” என்ற தகவலை மட்டுமே. அதை வலியாக உணரச் செய்வது மூளை.

இது தெரியாததால்தான் வலியின் கடுமையை வைத்தே காயத்தை எடைபோடுகிறோம். 1995-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான சம்பவம் இது: கட்டடத் தொழிலாளி ஒருவரின் பூட்ஸில் 15 செ.மீ. ஆணி ஏறிவிட்டது. ஆணியைத் தொட்டாலே துடித்தார். வலிநிவாரண ஊசி போட வேண்டியிருந்தது. பூட்ஸைக் கழற்றினால், ஆணி விரல்களுக்கு நடுவே புகுந்திருந்தது. காலில் கீறல்கூட இல்லை. அவர் நடிக்கவில்லை, வலி உண்மையானது. “ஸ்கேனில் ஒன்றுமில்லையே, பிறகென்ன வலி?” என்று வீட்டில் ஒருவரைக் கேட்பது எவ்வளவு கொடுமை என்று யோசியுங்கள். மூன்று மாதங்களைத் தாண்டிய வலியில், காயம் ஆறிய பிறகும் நரம்பு மண்டலம் எச்சரிக்கையை நிறுத்தாமல் இருக்கலாம்.

இதற்கு நேர்மாறும் உண்டு. சர்க்கரை நோயுள்ள என் பெரியம்மாவின் செருப்பில் ஆணி குத்தியிருந்தது, தரையில் இரத்தக்கறையைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. பாத நரம்புகள் மரத்துப்போனவர்களுக்கு “வலிக்கவில்லை” என்பது நல்ல செய்தி அல்ல. தினமும் விரலிடுக்கையும், கண்ணாடி வைத்து உள்ளங்காலையும் பார்க்க வேண்டும்.

எனக்கு மிகவும் அச்சம் தருவது “வாயுப் பிடிப்பு” என்ற சொல். இதயத்திலிருந்து வரும் நரம்புகளும் இடது கையிலிருந்து வரும் நரம்புகளும் தண்டுவடத்தில் ஏறக்குறைய ஒரே இடத்தில் சேர்கின்றன. கையிலிருந்து வரும் தகவலுக்கே மூளை பழகியிருக்கிறது. அதனால் இதயம் தவிக்கும்போது கை குடைகிறது, தாடை வலிக்கிறது. நாமோ இஞ்சிச் சாறும் சோடாவும் தேடுகிறோம். நெஞ்சில் பாரம், வியர்வை, மூச்சுத் திணறல் என்றால் உடனே 108-ஐ அழையுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் முதியவர்களுக்கும் நெஞ்சுவலியே இல்லாமல் மூச்சுத் திணறல் மட்டும்கூட வரலாம். முதல் ஈசிஜி சரியாக இருந்தாலும், இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து மருத்துவர் சொல்லும்வரை வீடு திரும்ப வேண்டாம்.