பழைய காசுக்குப் புளி வேண்டாம்: கழுவிப் பத்திரப்படுத்தும் முறை

ஊர் வீட்டுப் பரணிலிருந்து இறங்கிய தகர டப்பாவில் ஓட்டைக் காலணாக்களோடு 1862-ஆம் ஆண்டுக் காலணா ஒன்றும் இருந்தது. விக்டோரியா தலை போட்ட செம்புக் காசு. கறுத்துக் கிடக்கிறதே என்று குத்துவிளக்கு துலக்குவது போலப் புளி போட்டுத் தேய்த்தேன். பளபளவென்று வந்தது. ஆனால் நூற்றைம்பது ஆண்டுகளாகப் படிந்திருந்த பழுப்புத் தோல் உரிந்துவிட்டது. நாணயம் சேர்ப்பவர்கள் முதலில் தேடுவதே அந்தத் தோலைத்தான். அதை மறுபடி வரவழைக்க வழியில்லை.

அதனால் புளி, எலுமிச்சை, விபூதி, பற்பசை எதுவும் வேண்டாம். தேங்காய் எண்ணெயும் வேண்டாம். எண்ணெயில் இருக்கும் அமிலம் செம்பை மெதுவாக அரிக்கும்.

மேசையில் மெத்தென்ற துணி விரித்து, காசை விளிம்பில் மட்டும் பிடியுங்கள். கண்ணாடிக் கிண்ணத்தில் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிக் காசை மூழ்கவிடுங்கள். குழாய்த் தண்ணீரில் உப்பும் குளோரினும் இருக்கும். தினம் ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். மண் தானாக இளகி விழும். நான்கு நாளில் இளகாவிட்டால் இன்னும் நான்கு நாள் விடுங்கள். அப்புறம் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்கவே கூடாது.

பச்சை தெரிந்தால் அது எந்தப் பச்சை என்று பார்க்க வேண்டும். நான் தடுமாறிய இடம் இதுதான். செம்பில் படியும் பச்சைக்குக் களிம்பு என்று பெயர். செம்பில் களிம்பு என்று சைவ சித்தாந்தத்தில், உயிரை ஒட்டிய அழுக்கான ஆணவ மலத்துக்கு உவமை சொல்வார்கள். செம்போடு கூடவே இருப்பது என்ற பொருளில். கெட்டியாக, வழுவழுப்பாகப் படிந்த களிம்பு காசுக்குக் கெடுதல் செய்யாது, அப்படியே விடலாம். வெளிர்பச்சையாக, தொட்டால் பொடியாக உதிர்வது வேறு. குளோரைடும் ஈரமும் சேர்ந்து காசை உள்ளே தின்கிறது என்று அர்த்தம். அந்தக் காசைத் தனியே பிரித்து, உலர்ந்த இடத்தில் வையுங்கள்.

பிசுபிசுவென்று ஒட்டும் பச்சை மூன்றாவது வகை. அது பிவிசி என்ற பிளாஸ்டிக்கில் செய்த நாணய ஆல்பம் தந்த வினை. புது ரெக்ஸின் வாசனை அடிக்கும் ஆல்பத்தை, எவ்வளவு அழகாக இருந்தாலும், வாங்காதீர்கள். என்னுடைய ஆறு காசுகள் அதில் கெட்டன. பிசுக்கை எடுக்கச் சுத்தமான அசிட்டோன் என்ற கரைப்பானில் சில நிமிடம் ஊறவிட்டால் போதும். கண்ணாடிக் கிண்ணம், திறந்த ஜன்னல், அருகில் அடுப்போ விளக்கோ இல்லாமை மூன்றும் கட்டாயம்.

வைப்பதற்கு நான் சிபாரிசு செய்வது மைலார் என்ற கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள் ஒட்டிய அட்டை ஹோல்டர்தான்; காசை உள்ளே வைத்து மடித்து ஸ்டேப்ளர் அடிக்க வேண்டும். விலையும் குறைவு. ஸ்டேப்ளர் பின்னைக் குறடால் தட்டையாக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் பக்கத்துக் காசைக் கீறும். இறுக மூடும் டப்பாவில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். கடலோர ஊர்க்காரர்கள் மழைக்காலத்தில் பொட்டலத்தை மாற்ற மறக்க வேண்டாம்.

மூடுவதற்கு முன் எடை பார்த்து அட்டையில் எழுதுங்கள். பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாய் 11.66 கிராம். நன்றாகத் தேய்ந்த காசில் கொஞ்சம் குறையும், ஒரு கிராம் குறைந்தால் போலியோ என்று சந்தேகப்படுங்கள். வெள்ளி காந்தத்தில் ஒட்டாது.

பிற்சேர்க்கை: நெயில் பாலிஷ் ரிமூவர் போதுமா என்று இருவர் கேட்டிருந்தார்கள். போதாது. அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும், காசில் படலம் நிற்கும். ஹார்டுவேர் கடையில் அசிட்டோன் என்றே கேட்டு வாங்குங்கள்.

இன்னொருவர், தன் தாத்தாவின் 1947 ரூபாய் காந்தத்தில் ஒட்டுவதால் அது போலி என்று வருத்தப்பட்டிருந்தார். கவலைப்படாதீர்கள், பின்புறம் புலி போட்ட அந்த 1947 ரூபாய் வெள்ளியே அல்ல, நிக்கல். ஒட்டத்தான் செய்யும்.