வீட்டிலிருந்தே சேலை விற்க: முதலில் பத்து போதும்
எடுத்தவுடனே ஐம்பது சேலை வாங்கி பீரோவை நிரப்பாதீர்கள். ஈரோடு கனி மார்க்கெட் வாரச்சந்தைக்கோ சேலம் இளம்பிள்ளைக்கோ நேரில் போய், துணியைத் தொட்டுப் பார்த்து, பத்தே பத்து எடுங்கள். அப்புறம் போட்டோ. ஜன்னலோர வெளிச்சம் போதும், ஃபில்டர் வேண்டவே வேண்டாம், முந்தானை, பார்டர், பிளவுஸ் துணி மூன்றும் தெளிவாகத் தெரிய வேண்டும், ஏனென்றால் சேலை திரும்பி வந்தால் பெரும்பாலும் "கலர் வேற மாதிரி இருக்கு" என்றுதான் வரும் (மயில்கழுத்து நிறத்தில் ஒன்று என்னிடம் மூன்று முறை திரும்பி வந்தது). விலை வைக்கும்போது கூரியர், கவர், உங்கள் பஸ் செலவு எல்லாவற்றையும் சேருங்கள். யாராவது அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பாமல், கணக்கில் பணம் ஏறியதைப் பார்த்த பிறகே பார்சல் போடுங்கள். பேக் செய்வதை வீடியோ எடுத்து வையுங்கள், கிழிசல் என்று புகார் வந்தால் அதுதான் கைகொடுக்கும்.