வன்னியை வரையும்போது விடக்கூடாத பிழைகள்

2009இல் போர் முடிந்த கையோடு இலங்கையின் வடக்கிலுள்ள எங்கள் வன்னிக்குத் தெற்கிலிருந்து வந்த சுற்றுலா பஸ்கள் கிளிநொச்சியில் சாய்ந்து கிடந்த தண்ணீர்த் தாங்கியடியில் நின்றன. பிறகு புதுக்குடியிருப்பு வெற்றிச் சின்னத்தடியில் நின்றன. கடைசிச் சண்டை நடந்த நந்திக்கடல் ஓரம் இராணுவமே விடுதி நடத்தியது. இந்தப் போர்ச் சுற்றுலாவைக் கேள்வி கேட்டு எங்கள் பிள்ளைகள் ஓவியமும் நிழற்படமும் செய்கிறார்கள். கட்டாயம் செய்ய வேண்டும். ஆனால் சில பிழைகள் அந்தப் படைப்புகளையே சுற்றுலா விளம்பரமாக்கிவிடுகின்றன.

பெரிய பிழை, வன்னியை ஆளில்லாக் காடாக வரைவது. விரிந்த பச்சை, நடுவில் ஒரு யானை, ஓரத்தில் பட்ட மரம். விளம்பரப் பலகை விற்பதும் இதே படத்தைத்தான். இந்த 'வெறுங்காடு' என்ற எண்ணத்துக்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. பிரித்தானியர் 1840இல் கொண்டுவந்த 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் வேறு ஆளுக்குரியதென்று காட்டப்படாதவரை முடிக்குரியவை என்றது. சேனை செய்த நிலமும் தூர்ந்துபோன குளமும் அப்படித்தான் எழுத்தில் காடாயின. இன்றும் தன் பழைய வயலுக்குள் அரசின் எல்லைக்கல்லைக் கண்டு திகைத்து நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். காட்டை வரையுங்கள். வரைய முன்னம் ஊர்ப் பெரியவர் ஒருவரோடு உள்ளே நடந்து, குளக்கட்டு எது, மாட்டுப்பட்டி இருந்த இடம் எது என்று கேளுங்கள். யானைக்கும் ஒரு கதை உண்டு: ஒல்லாந்தர் அதை வன்னியர்கள் எனப்பட்ட இந்த மண்ணின் சிற்றரசர்களிடம் திறையாக வாங்கி, யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய் இந்திய வியாபாரிகளுக்கு விற்றார்கள்.

அடுத்தது முகங்கள். நூறு வருடத்துக்கு முந்தைய கொழும்புத் தபாலட்டைகளில் பெண்களின் படத்தின் கீழ் 'தமிழ்ப் பெண்' என்று மட்டும் இருக்கும், பெயர் இருக்காது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படத்தை ஏந்திய தாயைப் பெயர் கேட்காமல் கிட்டவாகப் படமெடுத்துச் சுவரில் மாட்டும்போது நாமும் அதையே செய்கிறோம். பெயர் போடலாமா, இந்தப் படம் எங்கே தொங்கப் போகிறது என்று அவரிடமே கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். பசிபிக் தீவான சமோவா வழிவந்த கலைஞர் யூக்கி கிஹாரா, பிரெஞ்சு ஓவியர் போல் கோகானின் தீவு ஓவியங்களைச் சமோவா மக்களையே நிற்க வைத்துத் திரும்பப் படமாக்கி, 2022இல் வெனிஸ் கண்காட்சியில் வைத்தார். நிற்கிறவர்களுக்குத் தாங்கள் எதற்குப் பதில் சொல்கிறோம் என்று தெரிந்திருந்தது.

முல்லைத்தீவு மாவட்டத்துக் கற்சிலைமடுவில் உள்ள நினைவுக் கல்லைப் பின்னணி அழகாக மட்டும் வைப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. 'இந்தச் சுற்றாடலில் கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார், 1803 ஒக்டோபர் 31' என்பதுதான் அதில் பொறித்த செய்தி. பண்டாரவன்னியன் பிரித்தானியரை எதிர்த்த வன்னித் தலைவன், டிறிபேர்க் பிரித்தானியப் படை அதிகாரி. வென்றவன் பக்கத்து வசனம். வாளும் குதிரையுமாக வன்னியனைப் பெரிதாக வரைந்துவிட்டு அந்த வசனத்தை அப்படியே விட்டால் கேள்வி எங்கே? அதே வசனத்தைக் கிளிநொச்சியில் வெடிப்பு விழுந்த கொங்கிரீட் கட்டியின் மேல் தாமரை பூத்த போர் வெற்றிச் சின்னத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் இடையில் இருநூறு வருடம். 1948இல் சுதந்திரத்தோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்துப் படைத்தால் இந்தத் தொடர்ச்சி தப்பிவிடும்.

சுற்றுலாவைக் கேள்வி கேட்கிற கரிபியன் தீவுக் கலையின் கரும்புத் தோட்டத்தையும் உல்லாசக் கப்பலையும் அப்படியே இங்கே கொண்டுவர வேண்டாம். எங்களுடைய சாமான் எங்களிடமே இருக்கிறது. ஒல்லாந்தர் காணிப் பதிவேட்டுக்குத் தோம்பு என்று பெயர். அந்தச் சொல்லையே தலைப்பில் எடுத்து, இடம்பெயர்ந்தவர்கள் இழந்த வீட்டை நினைவிலிருந்து வரைந்த படங்களை ஓவியர் சனாதனன் 2011இல் நூலாக்கினார். ஒரு தறப்பாள், ஒரு காணி உறுதி, ஒரு வீட்டுப் படம் போதும்.

சரி, கச்சான் விற்கிற அம்மாவைக் குற்றவாளியாக்காதீர்கள், அது அவர் பிழைப்பு. வெளிநாட்டிலிருந்து லீவில் வந்து நந்திக்கடலில் செல்பி எடுக்கிற எங்கள் சொந்தங்களையும் படத்துக்கு வெளியே விடாதீர்கள்.

கொழும்பில் காட்ட முன்னம் ஊர்ப் பொதுநோக்கு மண்டபத்தில் காட்டுங்கள். விளக்கக் குறிப்பு முதலில் தமிழில் இருக்கட்டும். பக்கத்தில் ஒரு பென்சிலைக் கட்டித் தொங்கவிடுங்கள். குளத்தின் பெயரைப் பிழையாக எழுதியிருந்தால் அங்கேயே யாராவது திருத்திவிடுவார்கள்.